விதி 46-ம் பாட்டியின் மரப்பலகையும்

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டு வயரிங்கை கடைசியா எப்போ, யார் வந்து சோதிச்சாங்க? ஃபேன் மாட்ட வந்தவரும் இன்வெர்ட்டர் வைக்க வந்தவரும் கணக்கில் வேண்டாம். மெயினை ஆஃப் பண்ணிட்டு, மெகர் கருவியை வச்சு ஒவ்வொரு லைனையும் அளந்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆள் யாராவது உண்டா?

நான் கேட்டுப் பார்த்த யாருக்கும் அப்படி ஒரு ஆள் வந்ததா ஞாபகம் இல்லை. ஆனா சட்டத்தில் அந்த ஆள் இருந்தார். 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகள், விதி எண் 46. ஏற்கெனவே இணைப்பு கொடுத்த ஒவ்வொரு நிறுவலையும் ஐந்து வருடத்துக்கு மிகாத இடைவெளியில் ஆய்வு செய்து சோதிக்க வேண்டும். மாநில அரசு சொல்றபடி மின் ஆய்வாளரோ அவருடைய உதவி அலுவலரோ செய்யலாம், இல்லைன்னா மின்சாரம் கொடுக்கிற நிறுவனமே செய்யலாம். 'நிறுவல்'ங்கிற சொல்லுக்குள்ள மில்லும் அடங்கும், திண்ணை வச்ச ஓட்டு வீடும் அடங்கும். 1956-லிருந்து 2010-ல் புது விதிமுறைகள் வர்ற வரைக்கும் கணக்குப் போட்டா, ஒரு பழைய வீட்டுக்கு பத்து தடவை ஆள் வந்திருக்கணும்.

அந்தப் பத்து தடவை வராத ஆளைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். கடலூரையும் சிதம்பரத்தையும் வச்சுப் பேசுறேன். அந்த ஊர்கள் எனக்குத் தெரியும்ங்கிறது ஒரு காரணம். உப்புக்காற்று, வெள்ளம், புயல், பழைய வீடு, பக்கத்திலேயே அனல்மின் நிலையம், எல்லாம் ஒரே மாவட்டத்தில் கிடைக்கிறது இன்னொரு காரணம்.

கரண்ட் வந்த கதை

சென்னை மாகாணத்தில் மின்சாரம் முதலில் அரசாங்கத் துறையா வரலை. 1910-ஆம் வருட இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ், ஒரு ஊருக்கோ மாவட்டத்துக்கோ உரிமம் வாங்கிய தனியார் கம்பெனிகள்தான் பல இடத்தில் கம்பம் நட்டாங்க. தென்னாற்காடு மாவட்டத்துக்கு அப்படி ஒரு கம்பெனி இருந்துச்சு: சவுத் ஆற்காடு எலக்ட்ரிசிட்டி டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனி. பெயரைக் கேட்டாலே பித்தளைப் பலகையில் பொறிச்ச மாதிரி இருக்கு இல்லையா? அதே காலத்தில் அரசு ஒரு பக்கம் அணைகளிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சது. 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கம்பெனிகளை அரசு எடுத்துக்க 1949-ல் ஒரு சட்டம் போட்டாங்க. ராஜமுந்திரி மின்சாரக் கம்பெனி வழக்குப் போட்டு, 1954-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருடம் திரும்ப ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் தென்னாற்காடு கம்பெனியும் அரசுக்குப் போனது. கை மாறினப்போ அங்கே வேலை பார்த்தவங்களுக்கு இழப்பீடு உண்டா இல்லையாங்கிற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், தொழிலாளர் சட்டம் படிக்கிறவங்க இன்னைக்கும் மேற்கோள் காட்டுற வழக்கா ஆயிடுச்சு. 1957 ஜூலை 1-ஆம் தேதி மெட்ராஸ் மாநில மின்சார வாரியம் பிறந்தது. நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னைக்கும் 'ஈ.பி'ன்னு சொல்றது அதைத்தான்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன்னா, இணைப்பு கொடுத்தது ஒருத்தர், விதி எழுதினது ஒருத்தர், பிறகு வீட்டு வாசல் வரைக்கும் பொறுப்பெடுத்தது இன்னொருத்தர். 1956-ல் விதி வந்தப்போ சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும், கடலூர் முதுநகரிலும், மஞ்சக்குப்பத்திலும் ஏற்கெனவே வயரிங் செஞ்ச வீடுகள் இருந்தன. நாங்க சாஃப்ட்வேர்ல 'லெகசி கோட்'னு சொல்வோம். எழுதினவன் போயிட்டான், டாக்குமெண்ட் கிடையாது, ஆனா ஓடிக்கிட்டு இருக்கு, யாரும் தொட மாட்டாங்க. விதி 46-ஐ எழுதினவங்களுக்கு இந்தச் சிக்கல் தெரிஞ்சிருக்கு. இணைப்புக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சாப் போதாது, வீடு வயசாகும், திரும்பத் திரும்பப் பார்க்கணும்னு யோசிச்சிருக்காங்க. அந்த விதிகளைப் படிச்சப்போ எனக்கு வந்த முதல் உணர்ச்சி மரியாதைதான்.

அந்த வீட்டுச் சுவரில் என்ன இருந்தது?

சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவில் முற்றம். சுவர் மேலேயே தேக்குச் சட்டம் அடிச்சு, அது மேல ரப்பர் உறை போட்ட வயரை ஓட்டி, கொஞ்ச இடைவெளிக்கு ஒரு தகரக் கிளிப். சுவிட்சுக்கு மரத்தில் வட்டக் கட்டை, அது மேல கறுப்பு பேக்கலைட் சுவிட்ச், போட்டா 'டொக்'னு சத்தம் வரும். மீட்டர் பக்கத்தில் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், அதுக்குக் கீழே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. சில வீடுகளில் மரக் கேசிங்குக்குள்ள வயரை விட்டு மேலே மர மூடி போட்டிருப்பாங்க. இன்னைக்கு பி.வி.சி-யில் 'கேசிங் கேப்பிங்'னு விற்கிறது அதே ஐடியாதான், நூறு வருஷம் கழிச்சு பிளாஸ்டிக் சட்டை போட்டு வந்திருக்கு.

எலக்ட்ரிக் கடையில் நம்ம வயர்மேன் அண்ணன்கள் இன்னைக்கும் '1/18 ஒரு காயில், 3/20 ஒரு காயில்'னு கேட்பாங்க. 1/18-னா 18 கேஜ் கம்பி ஒன்று. 3/20-னா 20 கேஜ் கம்பி மூன்று. இது பழைய பிரிட்டிஷ் கேஜ் அளவு. நாடு மெட்ரிக்குக்கு மாறி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, வயர் டப்பாவில் சதுர மில்லிமீட்டர்தான் அச்சடிச்சிருக்கு, ஆனா வாயில் இன்னும் கேஜ்தான். நம்ம சுவர் சாக்கெட்டும் அப்படித்தான். குண்டு குண்டா மூணு துளை வச்சது 1934-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தது. பிரிட்டன் 1947-லேயே புதுத் தரம் எழுதி, ஃபியூஸ் வச்ச சதுர முள் பிளக்குக்கு மாறிடுச்சு. நாம பழசையே வச்சுக்கிட்டோம். அது தப்புன்னு நான் சொல்லலை, நல்ல பிளக்தான்.

அந்த வயரிங் எதுக்காகப் போட்டதுன்னு பாருங்க. ஐந்து பல்பு, 60 வாட் வீதம். மொத்தம் 300 வாட். 230 வோல்ட்டால் வகுத்தா 1.3 ஆம்பியர். கூட ஒரு ரேடியோ, ஒரு ஃபேன். இப்போ அதே வீட்டில் 2,000 வாட் கீஸர், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட்டுக்கு மேல ஏ.சி, மிக்ஸி, வாஷிங் மெஷின், மோட்டார். கீஸர் ஒன்றே 8.7 ஆம்பியர் இழுக்கும், அன்னைக்கு அந்த ஐந்து பல்பும் சேர்ந்து இழுத்ததைவிட ஆறு மடங்குக்கு மேல. சுவருக்குள்ள பல வீட்டில் அதே கம்பி.

அதோட 1960, 70களில் தாமிரத் தட்டுப்பாடு. வீட்டு வயரிங்குக்கு அலுமினியம் வந்தது. அலுமினியம் திருகாணிக்கு அடியில் நாளாக ஆக நசுங்கி லூஸாகும், மேலே ஆக்ஸைடு படியும், தாமிரத்தோட சேர்த்து முறுக்கினா ஈரத்தில் அரிக்கும். அமெரிக்காவிலும் அதே காலத்தில் அலுமினிய வயரிங் போட்டுட்டு பிறகு தீ விபத்துகளோட போராடினாங்க. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போய் ஒரு பழைய சுவிட்ச் போர்டைக் கழற்றினா உப்புக்காற்று என்ன பண்ணும்னு நேரிலேயே தெரியும். திருகாணி பச்சை, கம்பி வெள்ளைப் பொடி.

எர்த் இருந்தா போதுமா?

சிதம்பரத்தில் எங்க தாத்தா வீட்டில் வெட் கிரைண்டர் பக்கத்தில் எப்பவும் ஒரு மரப்பலகை கிடக்கும். பாட்டி அது மேல ஏறி நின்னுதான் கிரைண்டரைத் தொடுவாங்க. 'அது லேசா ஜிவ்வுனு இழுக்கும்டா, பலகையில நின்னா ஒண்ணும் பண்ணாது'ன்னு சொல்வாங்க. பாட்டிக்கு மின்னியல் தெரியாது, ஆனா அந்தப் பலகை சரியான தீர்வு. கரண்ட் உடம்பு வழியா தரைக்குப் போற பாதையை அது வெட்டுது. அந்தப் பலகையை வேற யாராவது நகர்த்தி வச்சா அவ்வளவுதான். அப்பா, சித்தப்பா, அத்தை மூணு பேருக்கும் பங்குள்ள வீடு. ரீவயரிங்னு பேச்சு வந்தாலே 'முதல்ல பாகப்பிரிவினை முடியட்டும்'னு நிற்கும். இடையில் வீட்டின் ஒரு பக்கத்தை கல்லூரிப் பசங்களுக்கு வாடகைக்கு விட்டாச்சு. பலகை விஷயம் அவங்களுக்கு யார் சொல்லுவாங்க? சிதம்பரம் மாதிரி பல்கலைக்கழக ஊரில் இந்த மாதிரி வீடு ஒண்ணு ரெண்டு இல்லை.

'எர்த் போட்டுட்டா சரியாகிடும்'னு எல்லாரும் சொல்வாங்க. கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணி ஊத்தணும். பழைய விதிகளில் இதுக்கும் ஒரு ஆச்சரியம் இருக்கு. விதி 33 சொல்றது: மின்சாரம் வழங்குபவரே நுகர்வோர் வீட்டில் ஒரு எர்த் முனையைக் கொடுத்து, பராமரிக்கணும். ஆனா நடைமுறையில் பெரும்பாலான வீட்டுக்கு கம்பத்திலிருந்து வந்தது ரெண்டு கம்பிதான், ஃபேஸும் நியூட்ரலும். எர்த் உங்க பாடு.

சரி, உங்க பாட்டுக்கு ஒரு எர்த் போட்டீங்க. ஒரு சின்னக் கணக்குப் பாருங்க, ஸ்கூல் கணக்குதான். கடற்கரை மணல் மேட்டில் காய்ஞ்ச இடத்தில் போட்ட குழி, அதன் மின்தடை 50 ஓம்னு வச்சுக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் 5 ஓம். கிரைண்டருக்குள்ள ஃபேஸ் கம்பி உடம்பைத் தொட்டுடுச்சு. 230-ஐ 55-ஆல் வகுத்தா 4.2 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டைக்கு அது ஒரு கீஸர் போடுறதைவிடக் குறைவு. அது சும்மா உட்கார்ந்திருக்கும். கிரைண்டர் உடம்பில் 4.2-ஐ 50-ஆல் பெருக்கின அளவு, அதாவது 209 வோல்ட் நின்னுக்கிட்டு இருக்கும். எர்த் இருக்கு, ஃபியூஸ் இருக்கு, விதிப்படி எல்லாம் இருக்கு. தொட்டவர் மட்டும் இருக்க மாட்டார். சிதம்பரம் பக்கத்து ஈரக் களிமண்ணில் தடை இன்னும் குறைவா வரும், அங்கே நிலைமை கொஞ்சம் தேவலாம். ஆனா ஃபியூஸ் உடனே போற அளவுக்குக் குறைவா வரணும்னா ரொம்ப நல்ல எர்த்தா இருக்கணும்.

ஃபியூஸ் எதுக்குன்னு பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஃபியூஸும் எம்.சி.பி-யும் முக்கியமா வயரைக் காப்பாத்துறதுக்கு. மனுஷனைக் கொல்ல ஆம்பியர் கணக்கில் எல்லாம் தேவையில்லை. பெர்க்லியில் சார்ல்ஸ் டால்ஸீல்னு ஒரு பேராசிரியர் 1940களிலிருந்து தன்னார்வலர்களை வச்சு அளந்து பார்த்தார். கையில் பிடிச்ச கம்பியைத் தன் முயற்சியில் விட முடியுற எல்லை சராசரியா ஆண்களுக்கு 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. ஒரு ஆம்பியரில் அறுபதில் ஒரு பங்கு. அதுக்கு மேல போனா தசை இறுகிக் கை விடாது. 'கரண்ட் பிடிச்சு இழுத்துடுச்சு'ன்னு ஊரில் சொல்றாங்களே, அது இதுதான். கரண்ட் இழுக்கலை, உங்க கையே பிடிச்சுக்குது.

அதனால்தான் ஆர்.சி.சி.பி-ன்னு ஒரு கருவி. அது அளவைப் பார்க்காது, வித்தியாசத்தைப் பார்க்கும். ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வரணும். 30 மில்லிஆம்பியர் குறைஞ்சா, அது யாரோ வழியா தரைக்குப் போகுதுன்னு அர்த்தம், உடனே வெட்டிடும். 1950களில் ஆஸ்திரியாவில் பீகல்மையர், தென்னாப்பிரிக்காவில் ஹென்றி ரூபின், 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதே டால்ஸீல், இப்படிப் பல பேர் கை வச்சு உருவான பொருள். மேலே சொன்ன 50 ஓம் எர்த்தோட இதைச் சேர்த்துப் பாருங்க: 30 மில்லிஆம்பியரை 50-ஆல் பெருக்கினா 1.5 வோல்ட். 209 வோல்ட் வரை போகவே விடாது. எர்த் கம்பியே இல்லாத பழைய ரெண்டு கம்பி வீட்டிலும் வேலை செய்யும். ஆள் தொட்டதும் ஒரு அடி இருக்கும், உடனே வெட்டிடும்.

இப்போ நம்ம விதிக்கு வாங்க. 1956 விதிகளில் பின்னாடி 61-ஏ-ன்னு ஒண்ணு சேர்த்தாங்க, கசிவுக் காப்புக் கருவி கட்டாயம்னு. நல்ல விஷயம். ஆனா 5 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள சின்ன நிறுவல்களுக்கு விலக்கு. நடுத்தர வீடுகள் பெரும்பாலும் அந்த விலக்குக்குள்ளதான் இருந்தன. மர மெயின் போர்டும், உதிர்ற ரப்பர் வயரும், எர்த் இல்லாத சாக்கெட்டும் இருக்கிற வீடு எது? அந்தச் சின்ன லோடு வீடுதான். பெரிய பங்களா கட்டினவருக்குக் கட்டாயம், தாத்தா வீட்டுக்கு இல்லை. அந்தக் காலத்தில் கருவி விலை அதிகம், இறக்குமதி, ஏழைகளுக்குச் சுமை ஆகக் கூடாதுன்னு யோசிச்சிருக்கலாம். நோக்கம் நல்லதா இருந்தாலும் என் பார்வையில் அந்தக் கோடு தலைகீழா விழுந்த கோடு. இந்தியாவில் சமீப வருடங்களில் மின்சாரம் தாக்கி இறக்கிறவங்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, ஆண்டுக்கு 12,000-க்கு மேல. எல்லாம் வீட்டுக்குள்ள நடக்கிறது இல்லை, அறுந்த கம்பி, வயல் மோட்டார் எல்லாம் அதில் சேரும். இருந்தாலும் அது சின்ன எண் இல்லை.

இப்போ தமிழ்நாட்டில் புது இணைப்பு வாங்குறப்போ இந்தக் கருவி வேணும்னு ஒழுங்குமுறை ஆணையமே சொல்லியாச்சு. புது வீட்டுக்குக் கவலை குறைஞ்சது. பழைய வீடு புது இணைப்பு கேட்காதே.

ட்ரிப் ஆகிற வீடு

'அப்போ ஒரு ஆர்.சி.சி.பி வாங்கி மாட்டிட வேண்டியதுதானே'ன்னு நீங்க கேட்பீங்க. அதேதான் நானும் ஒரு அனுபவமுள்ள வயர்மேன் அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் சிரிச்சார். 'தம்பி, மாட்டிடலாம். நாளைக்குக் காலையில உங்க சித்தப்பா போன் பண்ணுவார், கரண்ட் நிக்கவே மாட்டேங்குதுன்னு. நான் வந்து அதைத் தூக்கிட்டு நேரடியா கொடுத்துட்டுப் போவேன். எத்தனை வீட்டுல பண்ணியிருக்கேன்!'

அவர் சொன்ன காரணங்கள் முக்கியம். முதல் காரணம், வயசான ரப்பர் வயர். மழைக்காலத்தில் முற்றத்துச் சுவர் ஊறினா எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமா கசியும். 30 மில்லிஆம்பியர்னு எழுதின கருவி 15-க்கு மேல எப்ப வேணும்னாலும் வெட்டலாம், தரமே அப்படித்தான் அனுமதிக்குது. இரண்டாவது, நியூட்ரல் கலப்பு. பழைய வீட்டில் கம்பி மிச்சம் பிடிக்க ஒரு அறையின் ஃபேஸுக்கு இன்னொரு அறையின் நியூட்ரலை எடுத்திருப்பாங்க. பிறகு வந்த இன்வெர்ட்டர் லைன் இதை இன்னும் சிக்கலாக்கும். இன்வெர்ட்டர் லைனின் கரண்ட் கருவிக்கு வெளியே உள்ள நியூட்ரலில் திரும்பினா, கருவிக்குக் கசிவு மாதிரியே தெரியும். மூணாவது, இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, வாஷிங் மெஷின் கம்பெனிக்காரர் 'எர்த் இல்லாம மாட்ட மாட்டேன்'னு சொன்னதும், சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியில் சேர்த்துடுறது. டெஸ்டர் வச்சுப் பார்த்தா எல்லாம் சரியாத் தெரியும். எங்கேயாவது நியூட்ரல் அறுந்துச்சுன்னா மெஷின் உடம்பு முழுக்க ஃபேஸ்.

நியூட்ரல் அறுக்கிறதுக்கும் பழைய வீட்டில் தனி ஏற்பாடே உண்டு. முன்காலத்தில் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டிலும் ஃபியூஸ் போடுறது வழக்கம். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனா லைட் எரியாது, 'கரண்ட் இல்லை'ன்னு நினைச்சு கை வைப்பாங்க, ஆனா கம்பியில் 230 இருக்கும். 1956 விதிகளில் 32-ஆவது இதைத் தெளிவா தடுத்தது: நியூட்ரலில் தனியா ஃபியூஸோ சுவிட்சோ கூடாது. இன்னும் ரெண்டு ஃபியூஸ் கட்டையோட நிக்கிற மீட்டர் போர்டை கடலூரில் நானே பார்த்திருக்கேன்.

ட்ரிப் ஆகிறதை 'தொந்தரவு'ன்னு சொல்றாங்க. எனக்கு அந்தச் சொல் பிடிக்கலை. பழைய விதி 48 என்ன சொன்னது? அதிகபட்ச கரண்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல கசியும்னா இணைப்பே கொடுக்கக் கூடாது. 5 ஆம்பியர் வீட்டுக்கு அது 1 மில்லிஆம்பியர். ஆக, வயரிங் மட்டுமே 15 மில்லிஆம்பியர் கசியுற வீடு, தான் முதலில் இணைப்பு வாங்கின தகுதியை எப்பவோ இழந்துடுச்சு. விதி 46-ன்படி வராமப் போன ஆய்வாளர் வேலையை அந்தக் கருவி செய்யுது. நாம அவரையும் வீட்டை விட்டு அனுப்பிடுறோம்.

அதே சமயம் வயர்மேன் அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கு. 'முழுசா ரீவயர் பண்ணுங்க'ன்னு புத்தகம் சொல்லும். சுண்ணாம்புச் சுவரை வெட்டி பைப் புதைச்சா பூச்சு அடை அடையா விழும். உதிர்ற ரப்பர் வயரைத் தொட்டு இழுத்தா, நேத்து வரைக்கும் சும்மா இருந்தது இன்னைக்கு ஷார்ட் ஆகும். லட்சக்கணக்கில் செலவு, பங்காளிகள் சம்மதம், குடியிருப்பவங்க எங்கே போவாங்க? முழுசா செய்ய முடியாதுன்னா எதுவும் செய்யாம விடுறதுதான் நடக்குது.

அமெரிக்க விதி இந்த இடத்தில் கொஞ்சம் தாராளமா யோசிச்சது. எர்த் கம்பி இல்லாத பழைய வீட்டில் மூணு துளை சாக்கெட் வேணும்னா, கசிவுக் காப்புக் கருவிக்குக் கீழே வை, 'இதில் எர்த் இல்லை'ன்னு சீட்டு ஒட்டு, போதும். எர்த் இருக்கிற மாதிரி நடிக்கக் கூடாது, அவ்வளவுதான். நம்ம ஊரில் நியூட்ரல் துண்டுக் கம்பியோட நடிக்கிறோம்.

நானும் அந்த அண்ணனும் சிதம்பரம் வீட்டுக்கு ஒரு வரிசை போட்டோம். சுவரை வெட்டலை. பாத்ரூம், கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார், அதாவது ஈரமும் உலோகமும் மனுஷனும் சேர்ற இடங்களுக்கு மட்டும் மெயினிலிருந்து புதுசா மூணு கம்பி லைன், பி.வி.சி கேசிங்கில் சுவர் மேலேயே. அதுக்குத் தனி எம்.சி.பி, தனி 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி, கொல்லையில் புது எர்த். நியூட்ரல் ஃபியூஸ் எடுத்தாச்சு. பழைய லைன்கள் இனி லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும், சின்ன எம்.சி.பி-யில், அங்கே இருந்த சாக்கெட்டுகளைக் கழற்றி மூடியாச்சு. பழைய லைனுக்கும் ஒரு ஆர்.சி.சி.பி தனியா வச்சோம். முதல் மழையில் விழுந்தது. எந்த அறைன்னு தேடினதில் ரேழியில் ஒரு வட்டக் கட்டைக்குப் பின்னாடி கம்பி வெறுமையா இருந்தது. அந்த ஒரு லைனை மட்டும் மாத்தினோம். முழு ரீவயரிங்குக்கு ஆகிறதில் ஒரு சின்னப் பங்குதான் செலவாச்சு. புத்தகப்படி இது முழுமை இல்லை. லைட் லைனில் இன்னும் பழைய ரப்பர் ஓடுது.

கடலூரில் இன்னொரு விஷயம் சேரும்: தண்ணீர். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாஞ்சு, வேற மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து வாரக்கணக்கில் நட்டாங்க. நெய்வேலியில் 1962-லிருந்து மின்சாரம் உற்பத்தியாகுது. அதே மாவட்டம் இருட்டில். 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல்னு அது தொடர்ந்தது. வெள்ளத்தில் முழங்கால் உயர சாக்கெட்டுகள் மூழ்கும். தண்ணி வடிஞ்சதும் லைன்மேன் தெருவுக்கு கரண்ட் விடுவார். வீட்டுக்குள்ள யாரும் சோதிக்க வர மாட்டாங்க, ஏன்னா மீட்டருக்கு அந்தப் பக்கம் வாரியம், இந்தப் பக்கம் நீங்க. ஈரச் சாக்கெட்டுக்குள்ள உப்புச் சேறு இருக்கும். வெள்ளம் பார்க்கிற தெருவில் சாக்கெட்டை நெஞ்சு உயரத்துக்கு ஏத்தி வைக்கிறது எந்த விதியிலும் கண்டிப்பு இல்லாத, ஆனா ரொம்ப மலிவான வேலை.

விதி 46-க்குக் கடைசியில் என்ன ஆச்சு? 2003-ல் புது மின்சாரச் சட்டம், 2010-ல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். ஐந்து வருடம் அதில் தொடர்ந்தது. ஆனா பின்னாடி, குறைந்த மின்னழுத்த நிறுவல்களுக்கு உரிமையாளரே சோதிச்சு, தானே சான்றளிக்கலாம்னு மாறிடுச்சு. வராத ஆய்வாளர் இடத்தில் இப்போ நீங்களே ஆய்வாளர். பாட்டி, பலகை மேல நின்னுக்கிட்டு, தன் வீடு பாதுகாப்பா இருக்குன்னு கையெழுத்துப் போடணும்.

இது முடியாத காரியமும் இல்லை. ஜப்பானில் சாதாரண வீடுகளுக்கு நாலு வருடத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து கசிவை அளந்துட்டுப் போறாங்க. இங்கிலாந்தில் 2020-ல் ஒரு விதி வந்தது: வாடகைக்கு விடுற வீட்டின் வயரிங்கை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை தகுதியுள்ளவர் சோதிச்சு, அறிக்கையை குடியிருப்பவர் கையில் கொடுக்கணும். அதே ஐந்து வருடம். நாம எழுதி அறுபத்தி நாலு வருடம் கழிச்சு அவங்க வாடகை வீட்டுக்கு எழுதினாங்க. வித்தியாசம், அங்கே அறிக்கை இல்லைன்னா உரிமையாளருக்கு அபராதம்.

அடுத்த எபிசோடில், வாடகை வீட்டில் இருக்கிறவங்க உரிமையாளர்கிட்ட எதைக் கேட்கலாம், வயர்மேன்கிட்ட மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று இருக்கான்னு எப்படிப் பார்க்கிறதுன்னு பேசலாம். அதுக்குள்ள உங்க வீட்டு மீட்டர் போர்டைத் திறந்து பாருங்க. 'டி'ன்னு ஆங்கில எழுத்துப் போட்ட சின்ன பட்டன் ஏதாவது இருக்கா? இருந்தா கரண்ட் இருக்கும்போதே அமுக்குங்க. டப்புனு விழுந்தா நல்லது. விழலைன்னா வயர்மேனைக் கூப்பிடுங்க. பட்டனே இல்லைன்னா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, ஃபியூஸ் கட்டை எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்க்கலாம்.